எல்லையில் கிடக்கும் ஆறு

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான்தான் நினைவுக்கு வரும். கொலு பொம்மை, அகல் விளக்கு, பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம். விவசாயம் தெரிந்தவர்கள் என்றால் 'வி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் நிலக்கடலை, முந்திரி ரகங்களைச் சொல்வார்கள். ஆனால் பீங்கானுக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் ரொம்ப முன்னாலேயே இந்த ஊரை ஊராக்கியது மணிமுத்தாறு. கல்வராயன் மலையில் பிறந்து, பழமலைநாதர் கோயில் பக்கமாக ஓடி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. மாசி மகத்தன்று வந்து பாருங்கள், எத்தனை ஊர் சனம் அந்த ஆற்றில் இறங்குகிறது என்று.

எங்கள் பகுதிக்கு நடுநாடு என்று பெயர். வடக்கே தொண்டை நாடு, தெற்கே சோழ நாடு, இடையில் நாங்கள். தென்பெண்ணைக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் கிடக்கும் மண் என்று பொதுவாக எல்லை சொல்வார்கள். அதாவது, எங்களுக்கு ஆறு என்றாலே எல்லை. இப்போதும் அப்படித்தான். எனக்கு விருத்தாசலத்துக்குத் தென்மேற்கே வெள்ளாற்றங்கரைக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் இருக்கிறது. நான் நிற்கிற கரை கடலூர் மாவட்டம், எதிர்க்கரை அரியலூர் மாவட்டம்.

இப்படி எல்லையாகிப் போன ஆற்றுக்கு என்ன நடக்கும்? கொஞ்ச வருடமாகவே என்னைக் குடைகிற கேள்வி இது. இதற்குப் பதில் தேடி சிந்து நதிக்கோ கங்கைக்கோ போக வேண்டியதில்லை. நிஜமாகவே இரண்டு தேசங்களுக்கு நடுவில் ஓடிய ஆறு நம் பக்கத்திலேயே இருக்கிறது. தென்பெண்ணைதான் அது. 1954 வரைக்கும் அதன் கடைமடையில் ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண், இன்னொரு பக்கம் ஆங்கிலேயர் ஆண்டு, பிறகு சுதந்திர இந்தியாவான மண்.

ஒரே ஆறு, மூன்று ராஜ்ஜியம்

தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில். அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். ஓசூர் வழியாகத் தமிழகத்துக்குள் வந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களைத் தாண்டி, கடலூரில் கடலில் விழுகிறது.

நூறு வருடத்துக்கு முன்னால் இந்த ஆற்றின் தலை மைசூர் மன்னருடைய சமஸ்தானத்தில். நடு உடம்பு ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில். வால் பகுதியில் பாகூர் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1892-ல் போட்ட உடன்படிக்கையில் இந்த ஆறும் சேர்த்தி. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைக் கேட்காமல் புதிதாக அணை கட்டக்கூடாது என்பது அதன் சாரம். தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு 2018-ல் உச்ச நீதிமன்றம் போனபோதும், கையில் எடுத்துக்கொண்டு போனது அந்தப் பழைய 1892 காகிதத்தைத்தான். ராஜாவும் போயாச்சு, வெள்ளைக்காரனும் போயாச்சு, வழக்கு மட்டும் போகவில்லை.

குண்டு விழுந்த இடம் வரைக்கும்

வெள்ளைக்காரர்கள் எல்லை போட்ட விதம் தெரிந்தால் சிரிப்பு வரும். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர்கள் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று பேச்சு. அப்படிச் சேர்ந்தவைதான் 'குண்டு கிராமங்கள்'. கடலூரில் இன்றைக்கும் குண்டு சாலை இருக்கிறது, தென்பெண்ணை முகத்துவாரம் பக்கம் குண்டு உப்பலவாடி இருக்கிறது. ஏரி எது, அதன் ஆயக்கட்டு எது, வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று குண்டுக்குத் தெரியுமா?

பிரெஞ்சுப் பக்கமும் இதே கதைதான். 1749-50 வாக்கில் ஆற்காட்டு நவாப் பதவிச் சண்டையில் உதவி செய்ததற்குக் கூலியாக வில்லியனூர், பாகூர் பகுதிகள் அவர்கள் கைக்கு வந்தன. அதன் பிறகும் பல போர்கள். 1752-ல் பாகூரிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். கடைசியில் மிஞ்சிய வரைபடம் கறையான் அரித்த பாய் மாதிரி இருந்தது. நாலு ஊர் பிரெஞ்சு, நடுவில் ஒரு ஊர் ஆங்கிலேயர், மறுபடி ரெண்டு ஊர் பிரெஞ்சு. இன்றைக்கும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போனால் தமிழ்நாடும் புதுவையும் மாறி மாறி வரும். பாகூர்ப் பகுதியின் தெற்கு ஓரத்தில் பல இடத்தில் ஆறே எல்லை.

தலைப்பு ஒரு நாட்டில், ஏரி இன்னொரு நாட்டில்

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். பழைய ஊர். 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில் பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை எழுதி வைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. ஊர் வருமானத்தில் ஒரு கல்லூரியே நடந்திருக்கிறது என்றால் அங்கே விளைச்சல் இருந்திருக்கிறது, விளைச்சல் இருந்தது என்றால் தண்ணீர் இருந்திருக்கிறது.

புதுச்சேரியின் பெரிய ஏரிகள் இரண்டு. ஒன்று ஊசுட்டேரி, இன்னொன்று பாகூர் ஏரி. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையிலிருந்து வருகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டில் ஆற்றைக் கொஞ்சம் உயர்த்தி, பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குக் கொண்டு வருகிறார்கள். பங்காரி, சிங்காரி என்று இரண்டு அக்கா தங்கைகள், ஆடிப்பாடிச் சம்பாதித்த பொருளையெல்லாம் போட்டு வாய்க்காலும் குளமும் வெட்டினார்கள் என்று அந்தப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: ஏரி பிரெஞ்சு மண்ணில், அணைக்கட்டு இருக்கும் சொர்ணாவூரோ எல்லைக்கு அந்தப் பக்கம். இன்றைக்கும் சொர்ணாவூர் தமிழ்நாடு, பாகூர் புதுச்சேரி. வாய்க்காலின் தலைப்பில் ஒரு பலகையைத் தூக்க வேண்டும் என்றாலும், தூர் வார வேண்டும் என்றாலும், அடுத்த நாட்டுக்காரனோடு பேசித்தான் ஆகணும். பேசாமல் இருந்தால் ஏரி காயும்.

இதே நிலைமை பஞ்சாபில் வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? 1947-ல் ராட்கிளிஃப் கோடு போட்டார்கள். மதகு இந்தியாவில், வாய்க்கால் பாயும் வயல் பாகிஸ்தானில். 1948 ஏப்ரல் 1-ஆம் தேதி கிழக்குப் பஞ்சாப் மதகை மூடியது. அந்தச் சண்டையைத் தீர்க்க 1960-ல் சிந்து நதி ஒப்பந்தம் வந்தது. கிழக்கு ஆறுகள் மூன்று இந்தியாவுக்கு, மேற்கு ஆறுகள் மூன்று பாகிஸ்தானுக்கு என்று பங்கு. 1965, 1971, 1999 என்று மூன்று போரைத் தாண்டி நின்ற ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்தது. கங்கை நீர் பற்றி வங்கதேசத்தோடு 1996-ல் போட்ட ஒப்பந்தத்துக்கு ஆயுசு 30 வருடம், 2026-ல் முடிகிறது. பெரிய நாடுகள், பெரிய ஆறுகள். ஆனால் அடியில் இருப்பது நம் ஊர்ச் சங்கதிதான். மதகு யார் கையில்? வாய்க்காலை யார் வெட்டுவது?

எந்த நாட்டுத் தண்ணீர்?

என் துணைவியாருக்குப் பிறந்த ஊர் பாகூர்ப் பக்கம். அவருடைய பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சின்ன வயதில் பெண்ணையாற்றில் மாடு ஓட்டியவர். அவரிடம் உட்கார்ந்தால் எல்லை பற்றி நிறையக் கேட்கலாம்.

"காலையில பிரெஞ்சு நாட்டுல கஞ்சி குடிச்சிட்டு, இந்தியாவுல போயி புல்லறுத்துக்கிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்துடுவோம் மாப்ளே" என்பார். கோடையில் ஆறு வெறும் மணல். ஆனால் கையால் மணலைத் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஊற்று. அந்த ஊற்றில் இரண்டு கரைப் பெண்களும் குடத்தை வைத்துக்கொண்டு வரிசை கட்டுவார்கள். "எந்த நாட்டுத் தண்ணின்னு எவன் கேட்டான்? முன்னாடி வந்தவ முன்னாடி மொண்டா, அவ்வளவுதான்."

பெண் கொடுத்ததும் எடுத்ததும் ஆற்றைத் தாண்டித்தான். விதைநெல் மாற்றிக்கொண்டதும் அப்படித்தான். துணி, மண்ணெண்ணெய் என்று சுங்கத்துக்குத் தெரியாமல் போன சாமான்களும் உண்டு, அதைச் சொல்லும்போது மாமா குரல் தானாகத் தணியும். 1954-ல்தான் கெடுபிடி அதிகமானது. அந்த வருடம் மார்ச், ஏப்ரலில் நெட்டப்பாக்கம் பக்கம் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து மூவர்ணக் கொடி ஏறியது. "மகள் வீட்டுக்குப் போறதுக்கே சீட்டு கேட்டாங்க மாப்ளே. ஆறு மாசம்தான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு." 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுமையான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். இரு நூற்றாண்டுக்கு மேல் இருந்த தேச எல்லை, வெறும் மாநில எல்லையாகச் சுருங்கிப்போனது.

தண்ணீரையும் அதன் பிறகு ஓரளவு கணக்குப் பார்த்துப் பங்கு வைத்தார்கள். சங்கராபரணியில் 1959-ல் வந்த வீடூர் அணையில் தமிழகத்துக்கு 2,200 ஏக்கர், புதுச்சேரிக்கு 1,000 ஏக்கர் பாசனம். காவிரியில் காரைக்காலுக்கு 7 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் 2007-ல் சொன்னது.

தை ஐந்தாம் நாள்

எல்லைக்கு அடங்காத ஒன்றும் இருந்தது, இருக்கிறது. அதுதான் ஆற்றுத் திருவிழா. பொங்கல் முடிந்து தை ஐந்தாம் நாள், தென்பெண்ணைக் கரையெங்கும் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். மணலூர்பேட்டையிலிருந்து சோரியாங்குப்பம் வரை மணல் தெரியாத அளவுக்குச் சனம். புதுச்சேரிக்காரர்கள், கடலூர்க்காரர்கள், விழுப்புரத்துக்காரர்கள் எல்லாம் ஒரே மணலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். திருவிழாக் கடையில் சிறுவள்ளிக்கிழங்கு குவிந்து கிடக்கும். ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்ச் சிறுவள்ளிக்கிழங்கு வாங்காமல் வந்தால் வீட்டில் பேச்சு கேட்க வேண்டியதுதான்.

நான் அந்த நாளை வெறும் பக்தியாகப் பார்ப்பதில்லை. வருடத்தில் 364 நாள் ஆறு ஊர்களின் ஓரத்தில் கிடக்கிறது. அந்த ஒரு நாள் மட்டும் ஆறு நடுவீடு ஆகிறது, ஊர்கள் அதைச் சுற்றி உட்காருகின்றன. எல்லோரும் ஆற்றை நேரில் பார்க்கிறார்கள். மணல் எவ்வளவு போயிருக்கிறது, எங்கே சாக்கடை கலக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துபோகிறது.

எல்லை போனது, ஊற்றும் போனது

தேச எல்லை போய் 70 வருடமாகிவிட்டது. ஆறு நன்றாகத்தானே இருக்க வேண்டும்? மேலே பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் நிரம்பி வழியும் கழிவு பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகப் பொங்குகிறது. கீழே மணல் போய்விட்டது. மாமா சொன்ன முழங்கை ஆழ ஊற்று இப்போது பல இடத்தில் இல்லை. கட்டாந்தரை தெரிகிறது.

மணல் போனால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் வரிசையாகப் பாருங்கள். ஆற்றின் படுகை பள்ளமாகிறது. வாய்க்காலின் தலைப்பு அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் தலைப்புக்கு எட்டாமல் கீழேயே ஓடிவிடுகிறது. மணலில் தங்கி மெதுவாக இறங்க வேண்டிய நீர் தங்குவதில்லை, கரைக் கிணறுகள் வற்றுகின்றன. ஆள் ஆளுக்கு ஆழ்குழாய் போடுகிறோம். கடலோரத்தில் நல்ல தண்ணீரின் அழுத்தம் குறைந்ததும் உப்பு நீர் உள்ளே நகர்கிறது.

தடுப்பணை கட்டிவிட்டால் சரியாகிவிடுமா? 1949-50-ல் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. பழசு, சரி. தளவானூர், ஏனாதிரிமங்கலம் இரண்டுக்கும் நடுவே சுமார் 25 கோடி ரூபாயில் 2020-ல் கட்டிய புதுத் தடுப்பணை, கட்டிய சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில் உடைந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். விழுப்புரம், கடலூர், பாகூர் என்று எல்லா வயலிலும் ஆறு ஏறியது. வெள்ளம் எந்த வயலிலும் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்கவில்லை.

எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஆற்றுக்குக் கெடுதல் செய்தது பிரெஞ்சுக்காரன் போட்ட கோடு மட்டுமல்ல. ஆற்றை 'எல்லை' என்று நினைக்கிற பழக்கம் நம் மண்டையில் தங்கிவிட்டது. எல்லை என்றால் ஓரம். ஓரம் என்றால் குப்பை கொட்டும் இடம், யாரும் கேட்காத இடம். வீட்டுக் கொல்லையின் கடைசி மூலை மாதிரி. அன்றைக்குத் தேச எல்லை, இன்றைக்கு மாநில எல்லை, மாவட்ட எல்லை, ஊராட்சி எல்லை. கோடு மாறியிருக்கிறது, ஆறு ஓரத்திலேயே கிடக்கிறது.

எங்கள் வெள்ளாற்றில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். இரவில் மணல் போகிறது என்று நாங்கள் பத்துப் பேர் மனு எடுத்துக்கொண்டு போனோம். ஒரு அலுவலகத்தில், "அது அந்தக் கரைப் பக்கம், அந்த மாவட்டத்தில் சொல்லுங்க" என்றார்கள். எதிர்க்கரைக்காரர்கள் அவர்கள் பக்க அலுவலகத்துக்குப் போனால், "வண்டி வர்றது அந்தக் கரையிலிருந்துதானே?" என்று கேட்டார்களாம். ஆற்றின் நடுவில் ஒரு கோடு போதும், திருடுகிறவனுக்கு ரெண்டு பக்கமும் பாதுகாப்பு.

நாம் என்ன செய்யலாம்?

இயற்கை விவசாயிகள் நம் வயலுக்குள் உயிர் மூடாக்கு, தொழுவுரம், பலதானிய விதைப்பு என்று மண்ணுக்கு ஈரம் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். நல்லது. ஆனால் ஆறு செத்தால் வரப்புக்குள் மட்டும் ஈரத்தை எத்தனை நாள் காப்போம்? எங்கள் பக்கம் நாங்கள் தொடங்கியிருக்கிற, தொடங்கப்போகிற நாலு வேலைகளைச் சொல்கிறேன். உங்கள் ஆற்றுக்குப் பொருந்துமா பாருங்கள்.

ஒன்று, கிணற்றுக் கணக்கு. இரண்டு கரையிலும் ஐந்தைந்து கிணறு. பௌர்ணமி தோறும் ஒரே நாளில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து ஒரே நோட்டில் எழுதுகிறோம். கடலோரத்துக்காரர்கள் உப்பு அளக்கும் சின்னக் கருவி ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால், 'அந்தக் கரை இந்தக் கரை' என்ற பேச்சுக்கு இடமில்லை.

இரண்டு, கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு இரண்டு கரை ஊராட்சிகளும் ஒரே வாசகத்தில், ஒரே தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும். ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. இரண்டு மாவட்ட ஆட்சியருக்கும் இரண்டு தீர்மானமும் சேர்ந்தே போகட்டும்.

மூன்று, வாய்க்கால் தலைப்பு. வைகாசி, ஆனியில், தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கடைமடை வரை சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். கடைமடைக்காரர் தலைப்பைப் பார்க்கணும், தலைப்புக்காரர் கடைமடையைப் பார்க்கணும். கரையில் சீமைக்கருவேலை எடுத்த இடத்தில் வெட்டிவேர், மூங்கில், நீர்மருது, புங்கன் வைக்கலாம்.

நான்கு, விதை. உப்பு ஏறிய நிலத்தைக் கைவிட வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை பக்கம் தெற்குப் பொய்கைநல்லூரில் நம்மாழ்வார் ஐயாவோடு விவசாயிகள் சேர்ந்து, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் விதைத்து மடக்கி உழுது நிலத்தை மீட்டார்கள். களர்ப்பாலை, குழியடிச்சான் போன்ற உப்பு தாங்கும் நெல் நம்மிடம் இருக்கிறது. முன்பு ஆற்றைத் தாண்டி விதைநெல் போன மாதிரி, இப்போதும் கரை தாண்டி விதை போகட்டும். விதை வாங்க வருகிறவரிடம் ஆற்றைப் பற்றிப் பேசுவது சுலபம்.

வருகிற தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். சிறுவள்ளிக்கிழங்கு வாங்கிய கையோடு, எதிர்க்கரை விவசாயி ஒருவரின் பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். மணல் வண்டி வரும் இரவில் அந்தக் கரையிலும் கூப்பிட ஒரு ஆள் இருக்க வேண்டும்.